ஓடாத காருக்கு எதற்கு ஆயில்

என் மகன் காருக்குள் உட்கார்ந்தால்தான் சோறு தின்பான். கார் எங்கும் போக வேண்டியதில்லை. போர்டிகோவில் நின்றபடியே இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தால் போதும். என் மாமியார், அதாவது அத்தை, டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பருப்புச்சோற்றைப் பிசைந்து உருட்டுவார். நான் பின்சீட்டில் அவனை மடியில் வைத்துக்கொண்டு, "அந்தா பாரு கூடலூர் வந்துருச்சு, இந்தா பாரு குமுளி வந்துருச்சு" என்று ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு வருவேன். அவன் உதட்டை இறுக்கிக்கொண்டால் அத்தை ஆக்ஸிலரேட்டரை ஒரு மிதி மிதிப்பார். இஞ்சின் உறுமியதும் வாய் திறக்கும். ஓர் உருண்டைக்கு ஒரு மிதி. ஒரு கிண்ணம் சோறு உள்ளே போவதற்குள், நிஜமாகவே குமுளி போய் வந்திருக்கலாம் என்கிற அளவுக்குப் பெட்ரோல் எரிந்திருக்கும்.

எனக்கு இதில் ஏகப்பட்ட பயங்கள் இருந்தன. புகை உள்ளே வருமோ என்று கேட்டைத் திறந்து வைப்பேன். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று துணிக்கொடியைப் பார்ப்பேன். பழகிவிட்டால் பள்ளிக்கூடத்தில் சாப்பாட்டுக்கு என்ன செய்வான் என்று கவலைப்படுவேன். இஞ்சினைப் பற்றி மட்டும் கவலைப்படவில்லை. அது இரும்பு என்று நினைத்திருந்தேன்.

கார் என் கல்யாணத்துக்கு அப்பா வாங்கிக் கொடுத்தது. அப்பா ஜெயமங்கலத்தில் விவசாயம் செய்கிறவர். மாப்பிள்ளை வீட்டில் யாரும் கார் கேட்கவில்லை. "நாங்க வாயத் தொறந்து ஒண்ணு கேக்கலம்மா. பொண்ணுக்கு என்ன செய்றீகண்டு மட்டும்தான் கேட்டோம்" என்று அத்தை இன்றைக்கும் பெருமையாகச் சொல்வார். அப்பா பதிலைக் காராகச் சொன்னார்.

இந்த வீட்டில் பொருட்களுக்கு இரண்டு பெயர் உண்டு என்பதை வந்த சில நாளிலேயே புரிந்துகொண்டேன். குக்கர் ஒழுங்காக விசில் அடிக்கும்வரை அது 'நம்ம குக்கர்'. ஒரு நாள் சோறு குழைந்தால் 'உங்கப்பா குடுத்த குக்கர்'. பீரோவும் அப்படித்தான், கட்டிலும் அப்படித்தான். கிரைண்டர் கல் தேய்ந்தபோது அப்பாவின் பெயர் ஒரு வாரம் அடிபட்டது. கார் மட்டும் இன்னும் 'நம்ம கார்' ஆகவே இருந்தது. அது அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் என் வேண்டுதல். காரில் ஏதாவது கெட்டால் அந்தப் பேச்சு ஒரு வாரத்தில் அடங்காது. சம்பந்தி வீட்டு விசேஷங்களில் எல்லாம் அப்பாவுக்கு முன்னால் போய் நிற்கும்.

மாமாவுக்கு, அதாவது என் மாமனாருக்கு, அந்தக் கார்மேல் அளவில்லாத மரியாதை. மரியாதை என்பதால் அதை ஓட்ட மாட்டார். அவருடைய திராட்சைத் தோட்டத்துக்கு மொபெட்டில் போவார். மண்ரோடு காருக்கு ஆகாது. குச்சனூர் சனீஸ்வரன் கோயிலுக்கு பஸ்ஸில் போவார். சனிக்கிழமைக் கூட்டத்தில் எவனாவது கோடு கிழித்துவிடுவான். உள்ளூர் கல்யாண மண்டபத்துக்கும், இரண்டு தெரு தள்ளியிருக்கும் டாக்டர் வீட்டுக்கும் மட்டும் கார் போகும். ஆனால் தினமும் காலையில் அதை ஸ்டார்ட் செய்து, டீ குடித்து, பேப்பரில் விளம்பரம்வரை படித்து முடிக்கும்வரை ஓடவிடுவார்.

"வண்டியச் சும்மா போட்டா கெட்டுப்போகும் ஆத்தா. ஒடம்பு கொஞ்சம் சூடேறணும்" என்பார்.

நான் கல்யாணமாகி வந்ததிலிருந்து அந்தக் காருக்கு ஆயில் மாற்றியதைப் பார்த்ததில்லை. ஒரு நாள் மெதுவாகக் கேட்டேன்.

"எதுக்கு மாத்தணும்? ஓடுனாத்தான ஆயிலு? கிலோமீட்டரப் பாரு. இன்னும் பாதிகூட வரல. நல்ல ஆயிலப் புடிச்சுத் தெருவுல ஊத்தவா?"

"வருசத்துக்கு ஒரு தடவையாச்சும் மாத்தணும்ண்டு சொல்றாக மாமா."

"யாரு, ஆயில் விக்கிறவனா?"

திராட்சைக்கு மருந்தடிக்க மாமா கிலோமீட்டர் பார்ப்பதில்லை. கிழமை பார்ப்பார், மேகம் பார்ப்பார், இலையின் அடிப்பக்கத்தைப் பார்ப்பார். ஒரு நாள் தவறினாலும் தோட்டமே போய்விடும் என்று பதறுவார். காரிடம் மட்டும் அவருக்கு அசையாத நம்பிக்கை. ஆயில் மட்டம் பார்க்கும் அளவுக்கம்பியை உருவித் தோள்துண்டில் துடைத்து, மறுபடி உள்ளே விட்டெடுத்து எனக்குக் காட்டினார். "பாத்தியா, போன மாசத்தவிட ஏறித்தான் இருக்கு. நல்ல வண்டிண்டா ஆயிலக் குடிக்காது."

சேமிப்புக் கணக்கில் வட்டி ஏறியதைப் போல அவர் முகம் மலர்ந்தது. ஊற்றாமலே ஆயில் எப்படி ஏறும் என்று நான் கேட்டிருக்க வேண்டும். மாமியார் பக்கத்தில் நின்றார், மகன் இடுப்பில் அழுதான், சரிதான் போலிருக்கிறது என்று நானும் தலையாட்டினேன்.

பிறகு ஒரு மத்தியானம், கூடலூர் தாண்டிக் குமுளி வருவதற்குள், டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு ஒன்று மினுக்கியது. மூக்கு வைத்த சின்ன எண்ணெய்க் குவளைப் படம், நுனியில் ஒரு சொட்டு. கூடவே இஞ்சினிலிருந்து யாரோ விரல் நகத்தால் தட்டுவதுபோல டிக் டிக் என்று சத்தம்.

"அத்தை, செவப்பா ஒண்ணு எரியிது."

அத்தை எட்டிப் பார்த்தார். "வெளக்குத்தான? நல்லாத்தான் இருக்கு, மங்களகரமா" என்று சொல்லிவிட்டு ஒரு மிதி மிதித்தார். விளக்கு அணைந்தது. மகன் வாயைத் திறந்தான். பிரச்சினை தீர்ந்துவிட்டது.

எனக்குத் தீரவில்லை. அவன் தூங்கிய பிறகு போனில் தேடினேன். ஒரு வீடியோ இன்னொன்றுக்குக் கூட்டிப்போனது. குளிர்ந்த இஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு அணைத்தால் என்ன ஆகும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். எரியும்போது உண்டாகும் நீராவி, இட்லிப்பானை மூடியில் நீர் கோப்பதைப் போல உள்ளேயே வியர்த்து ஆயிலில் இறங்குகிறது. எரியாத பெட்ரோலும் இறங்குகிறது. அளவுக்கம்பியில் ஏறியது இந்த வரவுதான். நெடுந்தூரம் ஓடி ஆயில் நன்றாகச் சூடானால் இரண்டும் ஆவியாகிப் போய்விடும். எங்கள் கார் நெடுந்தூரம் போனதே என் மகனின் கற்பனையில்தான். போகாத நீரும் பெட்ரோலும் புகைக்கரியும் ஆயிலோடு சேர்ந்து புளித்துக் கெட்டியாகிக் களியாகின்றன. அந்தக் களி ஆயில் உறிஞ்சும் சல்லடையை அடைக்கிறது. மேலே ஆயில் ஏறாமல் இரும்பும் இரும்பும் நேராக உரசுகின்றன. முதலில் டிக் டிக், பிறகு சிவப்பு விளக்கு, கடைசியில் ஒட்டிக்கொண்டு நின்றுவிடும்.

மறுநாள் மாமா தோட்டத்துக்குப் போனதும் பானெட்டைத் திறந்து, ஆயில் ஊற்றும் மூடியைத் திருகி எடுத்தேன். மூடியின் உட்புறம் காப்பியில் வெண்ணெய் விழுந்ததைப் போல வெளிர்பழுப்பில் ஒரு பசை. உள்ளே எட்டிப் பார்த்தால் கறுப்பு. கருப்பட்டி போட்டுக் கிண்டிய உளுந்தங்களி அடிப்பிடித்தால் இருக்குமே, அப்படி.

எங்கள் பக்கத்தில் பொட்டிப்புரம் மலைக்குள் கண்ணுக்குத் தெரியாத துகளைப் பிடிக்க ஆய்வகம் வரலாமா கூடாதா என்று டீக்கடை பெஞ்சில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு கருத்து உண்டு. கண்ணுக்குத் தெரியும் இந்தக் களியை யாரிடம் காட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை. பெங்களூரில் வேலை பார்க்கும் கணவருக்குப் படம் எடுத்து அனுப்பிவிட்டு போன் செய்தேன்.

"ஏங்க, படத்தப் பாத்தீகளா?"

"என்னது இது, குழந்தைக்கு வயித்துக்கு ஒத்துக்கலையா?"

"கார் ஆயிலுங்க."

சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "நெட்ல பாத்தா தலைவலிக்குக்கூட சாவுண்டுதான் போட்டிருக்கும். போன வாரம் கொசுக்கடிக்கு நீ அம்மைண்டு சொல்லி அழுதது ஞாபகம் இருக்கா? அப்பாட்ட ஒண்ணும் சொல்லாத. நான் வாரப்ப பக்குவமாச் சொல்றேன்" என்றார்.

வந்தார். பக்குவமாக மட்டன் குழம்பு சாப்பிட்டார். "அப்பா, ஆயில்..." என்று ஆரம்பித்தார். மாமா அளவுக்கம்பியை உருவிக் காட்டினார். "அட, ஏறியில்ல இருக்கு" என்று வியந்துவிட்டு, அன்றைக்கே பஸ் ஏறினார்.

கொசுக்கடி விஷயத்தில் அவர் சொன்னதும் நிஜம்தான். நான் பயப்பட்டவற்றில் பாதிக்குமேல் நடந்ததில்லை. அதனால் இதையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டுப் பேசாமல் இருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் குமுளியில் ஏலத்தோட்டமும் ஏலக்காய் வியாபாரமும் வைத்திருக்கும் மாமாவின் தங்கை புதுவீடு கட்டிக் குடிபோனார். அவரைக் குமுளி அத்தை என்போம். பால் காய்ச்சுவது விடியற்காலை என்பதால் முந்தின நாள் மத்தியானமே கிளம்ப வேண்டும். காரை வெளியே எடுப்பதென்று மாமா முடிவு செய்தார். தங்கை வீட்டு வாசலில் நம் கார் நிற்க வேண்டும்.

நான் குழந்தைக்குச் சளி என்றேன். மழை வரும் என்றேன். பஸ்ஸில் போனால் காற்றோட்டமாக இருக்கும் என்றேன்.

"பஸ்ஸுல போயி எறங்குனா எந்தங்கச்சி என்ன நெனைப்பா?" என்றார் மாமா. முடிந்தது.

வளைவுகளில் இடது பக்கம் பார்த்துச் சொல்ல என்னை முன்சீட்டில் உட்காரச் சொன்னார். அத்தையும் மகனும் பின்னால். கூடலூர்வரை கார் சமத்தாகப் போனது. நான் ரோட்டைப் பார்க்கவில்லை. விளக்கு எரியக்கூடிய இடத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். லோயர் கேம்ப் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் விளக்கு வந்தது. இந்தத் தடவை மினுக்கவில்லை. நின்று எரிந்தது. டிக் டிக் என்ற சத்தம் டக் டக் என்று ஆகியிருந்தது.

"மாமா, லைட்டு."

"ஒயர் லூசு."

"சத்தம் வருது மாமா."

"மலை ஏறுனா எந்த வண்டியும் மொனங்கத்தான் செய்யும். நீ எடது பக்கத்தப் பாரு."

அடுத்த வளைவில் ஒரு லாரி திரும்ப முடியாமல் குறுக்கே நின்றது. மேலே போகும் வண்டிகளும் கீழே வரும் வண்டிகளும் அப்படியே நின்றன. எங்களுக்கு எதிரே, கேரளப் பக்கம் ஏலத்தோட்டத்தில் வேலை முடிந்து பெண்கள் திரும்பும் ஜீப் ஒன்று, பின்னால் தொங்கிக்கொண்டு வருகிறவர்களோடு நின்றது. மாமா கை பிரேக்கைப் போட்டுவிட்டு, லாரிக்காரருக்கு எப்படித் திருப்புவது என்று சொல்லிக்கொடுக்க இறங்கினார். இஞ்சினை அணைக்கவில்லை. அதை ஓடவிடுவதுதான் அவர் பக்தி.

விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. வீடியோவில் சொன்னது நினைவுக்கு வந்தது: சிவப்பு எரிந்தால் உடனே அணை, ஒவ்வொரு நிமிடமும் உள்ளே தேய்கிறது. அணைத்துவிட்டு, கடைசியில் அது ஒயர் லூசாகவே இருந்தால்? மலைப்பாதை முழுக்க என்னைப் பார்த்துச் சிரிக்கும். ஒயர் லூசாக இல்லாமல் இஞ்சினே போயிருந்தால்? அப்பாவைப் பார்த்துச் சிரிக்கும். எது நல்லது என்று யோசித்தபடியே டிரைவர் சீட்டின்மேல் சாய்ந்து, சாவியைத் திருகி உருவி எடுத்துவிட்டேன். எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மகனின் ஈர டயப்பர்களைச் சுருட்டிப் போட்டிருந்த பிளாஸ்டிக் பைக்குள் போட்டு முடிச்சுப் போட்டேன்.

"என்ன பண்ற?" என்றார் அத்தை பின்னாலிருந்து.

"ஒண்ணுமில்ல அத்தை."

மாமா திரும்பி வந்தார். லாரி நகர்ந்திருந்தது.

"யாரு ஆஃப் பண்ணது?"

"நாந்தான் மாமா."

"சாவிய இங்கன குடு."

"வேண்டாம் மாமா. இதுக்கு மேல ஓட்டினா இஞ்சின் ஒட்டிக்கிரும்."

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவரிடம் 'வேண்டாம்' என்ற சொல்லை நான் சோறு போடும்போதுகூடச் சொன்னதில்லை. அவருக்குக் கோபத்தைவிடத் திகைப்புதான் அதிகம் இருந்தது. பின்னால் ஹாரன்கள் அடிக்க ஆரம்பித்தன. எதிர் ஜீப்பிலிருந்த பெண்களுக்கு, நாள் முழுக்க ஏலக்காய் எடுத்த அலுப்புக்கு நல்ல வேடிக்கை கிடைத்தது.

"என்னக்கா தகராறு?"

"மருமக சாவியப் புடுங்கி வச்சுக்கிருச்சாம்."

"குடுக்காத ஆத்தா. ஒரு நாளாச்சும் ஆட்டி வையி."

"ஏலே, புதுக் காரு நிக்கிது, நம்ம ஓட்ட ஜீப்பு போகுது பாத்தியா?"

"ஏய்யா, மருமகட்ட நல்ல விதமாக் கேளுங்கய்யா, குடுக்கும்."

சிரிப்போடு ஜீப் இறங்கிப் போனது. காலையிலிருந்து சாயங்காலம்வரை மலை ஏறி இறங்கும் அந்த ஜீப்பின் ஆயில் சூடு ஆறவே நேரமிருந்திருக்காது.

"அவுக கேக்குறாகல்ல, குடுத்துருமா" என்றார் அத்தை. சாவி எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். ஆனால் அந்தப் பைக்குள் கைவிட அவரும் தயாரில்லை. மகன் மட்டும் இஞ்சின் நின்ற துக்கத்தில் அழுதான்.

மாமா கடைசியில் ஒரு கல்லை எடுத்துச் சக்கரத்துக்கு அடியில் வைத்தார். அதை ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டேன். கம்பம் ஒர்க்‌ஷாப்பிலிருந்து ஆட்கள் வந்து காரைத் தூக்கிப்போனார்கள். நாங்கள் பஸ் ஏறிக் குமுளி போய்ச் சேர்ந்தோம். வாசலில் ஆரத்தியோடு நின்ற குமுளி அத்தை எங்களுக்குப் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டு, "காருல வாரேண்டீக, பஸ்ஸுலயா வந்தீக?" என்றார். மாமா உள்ளே போய்ப் புதுவீட்டின் சுவரைத் தட்டிப் பார்க்க ஆரம்பித்தார்.

திரும்பி வந்ததும் ஒர்க்‌ஷாப்பில் இஞ்சினைத் திறந்தார்கள். மெக்கானிக் மேல்மூடியைக் கழற்றிவிட்டுக் களியை ஸ்பூனால் வழித்தார். அடித்தொட்டியில் இருந்த சல்லடை எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை, தடவித்தான் கண்டுபிடித்தார். மருந்து ஒன்று ஊற்றி ஓடவிட்டால் எல்லாம் கரைந்துவிடும் என்றார். கரைந்த களி மறுபடி போய்ச் சல்லடையில்தானே அடைக்கும் என்று நான் கேட்டேன். யோசித்துவிட்டு, கையால் கழற்றிக் கழுவினால் கூலி கூட ஆகும் என்பது நினைவுக்கு வந்தவராக, நான் சொல்வதுதான் சரி என்றார். இஞ்சின் தப்பிவிட்டது. இன்னும் நாலு வளைவு ஏறியிருந்தால் புது இஞ்சின்தான் என்றும் சொன்னார். அதை மாமா காதில் விழும்படி சொல்லியிருக்கலாம். மாமா அப்போது டீ வாங்கப் போயிருந்தார்.

காரணம் என்ன என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகம் இல்லை. பெட்ரோலில் எதையோ கலக்கிறார்கள் என்றார் மெக்கானிக். அந்தக் கம்பெனியே சரியில்லை என்றார் கணவர், பெங்களூரிலிருந்து. சனீஸ்வரனைப் பார்க்கக் காரை ஒரு தடவைகூடக் கொண்டுபோகாததில் அவருக்கு வருத்தம் இருக்காதா என்றார் அத்தை. காலை டீயும் மத்தியானப் பருப்புச்சோறும் யாருடைய பட்டியலிலும் இல்லை. கார் ஒர்க்‌ஷாப்பில் இருந்த நாட்களில் மகன் பட்டினி கிடப்பானோ என்று நான் தூங்கவில்லை. அவன் மிக்சி ஓடினாலும் சாப்பிடுகிறான் என்று கண்டுபிடித்தோம். மிக்சியும் அப்பா கொடுத்ததுதான்.

அந்த வாரம் முழுக்க நான் காத்திருந்தது ஒரு வார்த்தைக்காக. 'உங்கப்பா குடுத்த கார்.' அத்தை இரண்டு தடவை அந்த வார்த்தையின் பக்கத்தில் வந்துவிட்டுப் போனார்.

கார் வீட்டுக்கு வந்த ஞாயிற்றுக்கிழமை குமுளி அத்தையும் அவர் வீட்டாரும் நலம் விசாரிக்க வந்தார்கள். கூடத்தில் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். நான் காப்பி கொண்டுவந்தபோது குமுளி அத்தை கேட்டுவிட்டார்.

"ஏண்ணே, வாங்கி எத்தன நாளாச்சு, அதுக்குள்ள இஞ்சின் போச்சா? சம்பந்தி வீட்டுல தள்ளுபடி வண்டியாப் பாத்து எடுத்துட்டாகளோ?"

அத்தை மாமாவைப் பார்த்தார்.

மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். "யாரு சொன்னா இஞ்சின் போச்சுண்டு? மலை ஏறையிலயே சத்தத்த வச்சு எனக்குத் தெரிஞ்சு போச்சு. ஒடனே நிப்பாட்டிட்டேன். வேற எவனும்ண்டா ஓட்டித் தொலச்சிருப்பான். வண்டி கல்லு மாதிரி இருக்கு. வேற வண்டியா இருந்தா அங்கனயே ஒட்டியிருக்கும். சம்பந்தி பாத்துத்தான் எடுத்திருக்காக."

குமுளி அத்தை விடவில்லை. என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, நீ சாவியப் புடுங்கி வச்சுக்கிட்டு மாமனாரோட மல்லுக்கு நின்னியாமே? எங்க தோட்டத்துக்கு வாரவளுக அந்த ஜீப்புல இருந்தாளுக. வந்து சொல்லிச் சிரிச்சாளுக."

மாமா காப்பியைப் பார்த்தார். ஆமாம் என்று சொன்னால் மாமா பொய் சொன்னவர் ஆவார். மாமா பொய் சொன்னவர் ஆனால், அவர் வாயிலிருந்து வந்த மற்றதும் பொய்யாகிவிடும். கல்லு மாதிரி வண்டி என்றது, சம்பந்தி பார்த்து எடுத்தார் என்றது, எல்லாம்.

"மல்லுக்கெல்லாம் நிக்கல அத்தை" என்றேன். "மாமாதான் சாவிய உருவி எங்கிட்ட குடுத்து, யாரு கேட்டாலும் குடுக்காதண்டாக."

"ஆமா. நாந்தான் குடுத்தேன்" என்றார் மாமா. சொல்லி முடிப்பதற்குள் அவரே அதை நம்பிவிட்டார் என்று தோன்றியது. ஈர டயப்பர் பையைப் பற்றித் தெரிந்த அத்தை, மகனைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டார்.

சாயங்காலம் அப்பாவுக்குப் போன் செய்தேன். கார் ஒர்க்‌ஷாப்பில் இருந்த விஷயத்தை நான் சொல்லியிருக்கவில்லை. ஆனால் ஜெயமங்கலத்துக்கும் பஸ் ஓடுகிறது.

"வண்டி வந்துருச்சாம்மா?" என்றார் எடுத்ததும்.

"வந்துருச்சுப்பா. ஒண்ணுமில்ல. நல்லா இருக்கு."

"அங்கன யாரும் எதுவும் சொன்னாகளா?"

"கல்லு மாதிரி வண்டி, சம்பந்தி பாத்துத்தான் எடுத்திருக்காகண்டு சொன்னாகப்பா."

அவருக்குப் பின்னால் கிணற்று மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. வயலில் நிற்கிறார் போலிருக்கிறது.

"யாரு, சம்பந்தியே சொன்னாகளா?"

"ஆமாப்பா."

"நீங்க மட்டும் இருக்கையிலயா?"

"இல்லப்பா. குமுளிக்காரக எல்லாரும் வந்திருந்தாக. அவுகளும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தாக."

"சரி" என்றார் அப்பா. பிறகு, "எப்படிச் சொன்னாக, இன்னொரு தடவ சொல்லு. மோட்டார் சத்தத்துல சரியா விழல" என்றார்.